நைனா (பொறுப்பு)

கரையான்சாவடி,
வியாழக்கிழமை

அன்பு மகன் வெற்றிச்செல்வனுக்கு, உன் தற்காலிக நைனா எழுதிக்கொள்வது. இங்கே நாங்களும் கொசுக்களும் நல்ல சுகம், அங்கே மஸ்கட்டில் நீயும் உன் லாரியும் சுகமா? பெத்த அப்பனையே மகன்னு எழுதறானேன்னு பல்லைக் கடிக்காதே. நான் வர்ற வரைக்கும் இந்த ஊட்டுக்கு நீதான்டா நைனான்னு ஏர்போர்ட் வாசல்ல பெட்டியைத் தள்ளிக்கினே சொல்லிட்டுப் போனது நீ, பதவி நீ கொடுத்தது. முதலில் முக்கிய அறிவிப்பு. மூன்று வருடமாகச் சொட்டிக்கொண்டிருந்த நமது பாத்ரூம் குழாய், கடந்த செவ்வாய்க்கிழமை முதல் சொட்டுவதை அறவே நிறுத்திக்கொண்டது என்பதைப் பெருமகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறேன். டேங்கில் தண்ணியே ஏறலைன்னு மருமகள் பேபி சொல்கிறாள் (எனக்கு அம்மாதான், இருந்தாலும் பதவின்னா பதவி). நல்லது நடந்தால் காரணம் தோண்டக் கூடாது. போன் இருக்கும்போது லெட்டர் எதுக்குன்னு கேட்பாய். உன் ரூம்மேட் பாஸ்கரன் லீவு முடிந்து நாளைக்கு விமானம் ஏறுகிறான், அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன், பெரியவங்கன்னா கடிதம்தான் எழுதணும், ஒரு கம்பீரம் வேணாமா.

இனி உன் பிள்ளை சரணைப் பற்றி. அவனைப் பெற நீ கொடுத்து வைத்திருக்க வேண்டும், இதை அவனே எழுதுகிறான் என்பதால் மிகையாக நினைக்காதே. ஆவடியில் ஒரு காலேஜில் பள்ளிக்கூடப் பசங்களுக்கு ரோபோ போட்டி வைத்தார்கள். ரோபோ ஒரு பெட்டியைத் தள்ளிக்கொண்டு கோட்டைத் தாண்டாமல் அந்தக் கோடி வரைக்கும் போய்த் திரும்பி வரணும். மற்ற ஸ்கூல் பசங்க டப்பாவைப் பிரிச்சா அப்படியே மாட்டுற வெளிநாட்டு செட்டு வாங்கிட்டாங்க. நம்ம பிசிக்ஸ் வாத்தியார் இருதயராஜ் சார், ஸ்கூல் சார்பா ஒரு பிளைவுட் பலகையும் மனமார்ந்த வாழ்த்தும் தரேன்னார். பலகை ஒரு மூலையில் ஊறிப்போயிருந்தது, வாழ்த்து நல்ல கண்டிஷன். சரண் உடனே நாலு சக்கரம் நாலு மோட்டார்னு பீரங்கி வண்டி மாதிரி ஒன்று வரைந்தான். கூட இருக்கிற நிஷான்னு ஒரு பொண்ணு, வேலை ஒன்றும் செய்யாது, குறுக்குக் கேள்வி மட்டும் கேட்கும். நாலும் நேரா உருள்ற சக்கரம், திரும்பும்போது நாலும் தரையில தேயுமே, பேட்டரி தாங்குமா, நாலு மோட்டாருக்கு எந்த மாமன் வீட்டுக்குப் போவேன்னு கேட்டது. அதனால் சரண் தன் பெருந்தன்மையால் பின்னால் ரெண்டு சக்கரம் ரெண்டு மோட்டார், முன்னால் உடைஞ்ச ஆபீஸ் நாற்காலியின் உருளை ஒண்ணு என்று முடித்துவிட்டான். உருளை எந்தப் பக்கம் இழுத்தாலும் போகும், டீமில் மூணாவது ஆளான நம்ம ஜெகதீஷ் மாதிரி. இடது சக்கரம் நின்னு வலது ஓடினால் வண்டி இடப்பக்கம் திரும்பும், மாத்தினால் மாத்தி, அவ்வளவுதான் சூட்சுமம். மோட்டாருக்கு வண்டிக் கண்ணாடி துடைக்கிற வைப்பர் மோட்டார், மெதுவா சுத்தும், ஆனா மாடு மாதிரி இழுக்கும். ஒன்று குமணன்சாவடி காயலான் கடையில் கிடைத்தது, இன்னொன்று பெயர் வெளியிட விரும்பாத ஒரு நல்ல உள்ளத்தின் நன்கொடை. சக்கரம் ரெண்டும் ஜெகதீஷ் தங்கச்சியின் மூணு சக்கர சைக்கிள் உபயம், அது இன்னும் அழுதுகினு இருக்கிறது. முதலில் பேட்டரியை உருளை மேல் வைத்தோம், சக்கரம் நின்ன எடத்துல சுத்தியது, பின்னால் தள்ளி மோட்டார் சக்கரத்து மேல் பாரம் ஏத்தினதும் தரையைப் பிடிச்சுக்கொண்டது. ஆனால் நேரா போன்னா இடப்பக்கமா வளைந்து போய் சார் ஷூவில் முட்டியது. தரை கோணல் என்று சரண் கண்டுபிடித்தான். லேப், வராண்டா, ஸ்டாஃப் ரூம்னு ஓட்டிப் பார்த்த பிறகு, மூணு தரையுமா ஒரே பக்கம் கோணல்னு நிஷா மறுபடி குறுக்குக் கேள்வி. வைப்பர் மோட்டாரை ஒரே பக்கம் சுத்தறதுக்குத்தான் செஞ்சிருக்காங்களாம். ரெண்டு பக்கமும் எதிரெதிரா மாட்டினால், வண்டி நேரா போக ஒண்ணு ரிவர்ஸில் சுத்தியாகணும், அது கொஞ்சம் சோம்பும். சுறுசுறுப்பானதன் வேகத்தைப் புரோகிராமில் குறைத்து சோம்பேறிக்குச் சமமாக்கினதும் வண்டி நூல் பிடிச்ச மாதிரி போச்சு. அதற்குள் சரண் பக்கத்து ஸ்கூல் டீமிடம், இது பூந்தமல்லி ரோட்டுப் பள்ளத்தைத் தானே ஒதுங்கிப் போகும் டெக்னாலஜின்னு சொல்லி வைத்துவிட்டான், அவர்களும் எழுதிக்கொண்டு போனார்கள். முடிவில் மூன்றாம் இடம். முதல் மூன்று டீம் அடுத்த சுற்றுக்குப் போகும், வரும் சனிக்கிழமைக்கு அடுத்த சனி, அம்பத்தூரில்.

உன் குட்டியானை லோடு வண்டி நலம். வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்கிறேன், மழை ஆரம்பித்துவிட்டதால் தார்ப்பாய் போட்டு யாரும் எட்டிக்கூடப் பார்க்க முடியாதபடி இறுக்கிக் கட்டியிருக்கிறேன். திங்கட்கிழமை முதல் டிரைவர் அப்பாவு அதை வாடகைக்கு எடுத்து ஓட்டப் போகிறாராம், மருமகள் அதை நம்பி சீட்டு கட்ட ஒத்துக்கொண்டுவிட்டாள், ரொம்ப சந்தோஷம். நீ வேளைக்குச் சாப்பிடு, தினமும் குப்பூஸ் ரொட்டியையே மெல்லாதே, படுத்துக்கொண்டு போன் பார்க்காதே, உனக்கும் வயசாகிறது. பாஸ்கரனிடம் கூடவே கொடுத்தனுப்பும் பூண்டு ஊறுகாயை ரூம் முழுக்கப் பங்கு வைக்காதே. நோய் நொடி இல்லாமல், கேட்டதும் லீவு தரும் முதலாளியோடு நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
உன் நைனா (பொறுப்பு)

நைனா, மேலே இருக்கிறதை பாஸ்கரன் அண்ணன் எதிர்ல சத்தமா படி, இதைத் தனியா படி. அந்த நல்ல உள்ளம் நீதான். மோட்டார் குட்டியானையோடது. முந்தாநாளே ரோபோவிலிருந்து கழட்டி வண்டியில மாட்டிட்டேன், சுத்துது. ஆனா ஆஃப் பண்ணா வைப்பர் கீழே வந்து படுக்க மாட்டேங்குது, நட்டநடுக் கண்ணாடியில, டிரைவர் மூஞ்சிக்கு நேரா நிக்குது. வைப்பர் குச்சியை ஒவ்வொரு தடவை கழட்டி மாட்டும்போதும் வேற வேற எடத்துல நிக்குது. இந்த மழையில அப்பாவு அண்ணன் பார்த்தா வண்டியே வேணாம்னுடுவார். டிசைன் பூரா நிஷாவோடது. என் பங்கு அந்த ஒரு மோட்டார்தான், அதுவும் உன்னுது. ரோபோ இப்போ ஒத்தை மோட்டார்ல நின்ன எடத்திலேயே சுத்திக்கினு கீது, என்னை மாதிரி. போன்ல சொல்லலாம்னா அம்மா ஸ்பீக்கர்ல போட்டுத்தான் பேசுவாங்க, அதுக்குத்தான் லெட்டர், கம்பீரமெல்லாம் சும்மா. ஞாயித்துக்கிழமை காலையில அம்மா போனை ஊட்டுல வச்சிட்டு மீன் வாங்கப் போவாங்க. போனதும் மிஸ்டு கால் கொடுக்கிறேன், வீடியோவில கூப்பிடு, ஸ்பானரோட வண்டிகிட்ட நிக்கறேன். அவங்க திரும்பி வர்ற வரைக்குமாவது நீயே நைனாவா இரு நைனா.

உன் மகன்,
சரண்