1745இல் ஒரு பள்ளம்

ஜூன் 14, சனி

சாரல் விடவே இல்லை. குற்றாலத்தில் ஊரே குளிக்கிறது; நான் லேபில் ரப்பரை இழுத்துக்கொண்டிருக்கிறேன். உலோகத் துகள் கலந்த சிலிகான் ஃபிலிம். இழுத்தால் எவ்வளவு அகச்சிவப்புக் கதிர் ஊடுருவுகிறது? நாலு வருஷமாக இதுதான் என் பிழைப்பு. இழுக்கும் கிளாம்ப்பின் திருகு ஈரத்தில் துருப்பிடித்து அடம்பிடித்தது. வீட்டில் பூட்டுக்குச் செய்வதுதானே — பையிலிருந்த தேங்காய் எண்ணெய் இரண்டு சொட்டு. இப்போது நன்றாகச் சுற்றுகிறது.

ஜூன் 17

கிராஃபில் 1745 என்ற அலை எண்ணில் ஒரு பள்ளம்; அந்த இடத்தில் மட்டும் கதிர் ஊடுருவவில்லை! இழுக்க இழுக்க ஆழமாகிறது. இதுவரை யாரும் சொன்னதில்லை. என் கைடு செல்லப்பா சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். “ஏம்மா சுஜிதா, இதுலயே தீசிஸ் முடிஞ்சிரும் போலுக்கே.”

ஜூன் 24

ஜர்னலுக்குப் பேப்பர் அனுப்பியாகிவிட்டது. அடுத்த மாதக் கடைசியில் தீசிஸ் கொடுத்துவிடலாம். அம்மா எங்கள் ஊர் இலஞ்சி முழுக்கச் சொல்லிவிட்டாள். ஆனால் பள்ளம் ஒருநாள் ஆழமாக வருகிறது, ஒருநாள் வரவே இல்லை. இதை சாரிடம் சொல்லவில்லை.

ஜூலை 1

பக்கத்து மேசை ஜெனோ உள்ளே வந்ததும் மூக்கைச் சுளித்தாள். “என்னட்டி, லேப்ல தேங்காண்ண மணக்கு? அப்பளம் பொரிச்சியா?”

சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. ஃபிலிம் இல்லாமல், ஒரு சொட்டு எண்ணெயை மட்டும் கதிர் அளக்கும் மெஷினில் வைத்தேன்.

அதே 1745. திருகைச் சுற்றச் சுற்ற எண்ணெய்தான் ஃபிலிமில் கசிந்திருக்கிறது.

ஜூலை 2

கூறுகெட்டவ. கூறுகெட்டவ நான்.

ஜூலை 3

திருகைத் துடைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டால் யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரியுமே. சொல்லிவிட்டேன். சார் ஜன்னலையே பார்த்தார்.

“எப்பம் தெரிஞ்சுது?”

“முந்தாநாள், சார்.”

“நேத்து என்ன செஞ்ச?”

சார் ஜன்னலிலிருந்து திரும்பினார்.

“பேப்பரத் திரும்ப வாங்க நான் எழுதுதேன். நீ எல்லாத்தையும் மொதல்ல இருந்து அள.”

தென்காசி பஸ் ஸ்டாண்டில் நின்று அழுதேன். எல்லாரும் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

ஜூலை 21, திங்கள்

துருப்பிடிக்காத புதுத் திருகு. 1745இல் ஒன்றுமே இல்லை. இழுத்தால் கதிர் கொஞ்சம் கூடுதலாக ஊடுருவுகிறது, அவ்வளவுதான். தீசிஸ் டிசம்பருக்குப் போய்விட்டது.

காலையில் மெஷின்மேல் சார் கையெழுத்தில் ஒரு தாள்: ‘கிளாம்ப்பில் எந்த எண்ணெயும் போடக்கூடாது. விவரத்துக்கு சுஜிதாவிடம் கேட்கவும்.’ கிழித்துவிடலாமா என்று கை போனது. அதற்குள் புதிதாகச் சேர்ந்த காளீஸ்வரி வந்து, “ஏங்க்கா போடக்கூடாது?” என்றாள்.

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னேன். ஜூன் பதினாலில் இருந்து ஆரம்பித்தேன்.