வெறும் பக்கத்தில் போட்ட கையெழுத்து

அன்பு மாப்ள செல்வம்,

நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. நேற்று நம் ஊரில் கிராம சபை நடந்தது. அதை உன்னிடம் சொல்லாமல் எனக்கு ஆறாது.

முன்பெல்லாம் எப்படி நடக்கும் என்று உனக்குத் தெரியாததா? முதல் நாளே தீர்மான நோட்டு நம் காலனிக்கு வரும். பக்கம் வெறுமையாக இருக்கும். ஆட்கள் கையெழுத்தோ கைநாட்டோ வைத்துவிட்டு வேலைக்குப் போய்விடுவார்கள். மேலே என்ன எழுதிக்கொள்கிறார்கள் என்று யாரும் கேட்டதில்லை. நீதான் கேட்டாய். கிரிக்கெட் ஆடிவிட்டு உட்காரும் பையன்களையும் தையல் வகுப்புக்குப் போகும் பிள்ளைகளையும் பிடித்துவைத்து, "சுடுகாட்டுக்குப் பாதை வேணும்னு மொதல்ல எழுதச் சொல்லுங்க. பெறகு கையெழுத்துப் போடுங்க" என்றாய். எல்லாரும் தலையாட்டினோம்.

நோட்டு வந்தபோது நான்தான் முதலில் போட்டேன். நோட்டைக் கொண்டுவரும் பஞ்சாயத்து எழுத்தரைப் பகைத்துக்கொண்டால், அரசு வீடு கேட்டு அம்மா கொடுத்த மனு நின்றுவிடுமோ என்ற பயம். என்னைப் பார்த்து மற்றவர்களும் போட்டார்கள். "சரி விடு மாப்ள" என்றாய் நீ. நாலு வசவு வைதிருந்தால் என் மனம் ஆறியிருக்கும். ஏன் வையவில்லை?

அந்த மழைக்காலத்திலேயே காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது. வரப்பு மேல்தான் உன்னைத் தூக்கிப்போனோம். முன்னால் தோள் கொடுத்தவன் நான். சேற்றில் கால் வழுக்கிப் பாடை சாய்ந்தது. உன் அண்ணன் பிடித்திருக்காவிட்டால் நீ வயலில் விழுந்திருப்பாய்.

நேற்று, காளவாசல் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் கடைசித் தெரு தேவி லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். கூடப் பத்துப் பன்னிரண்டு பேர், எல்லாம் நீ பேசிப் பேசிச் சேர்த்த பிள்ளைகள். இந்த முறை முதல் நாள் நோட்டு வந்தபோது அவர்கள் வீட்டில் யாரையும் அதைத் தொட விடவில்லை.

சபையில் எழுத்தர் சலித்துக்கொண்டார். "எம்புட்டு வருசமா இப்படித்தானம்மா நடக்குது."

தேவி குரலை உயர்த்தவில்லை. "எழுதுங்க சார். வாசிச்சுக் காட்டுங்க. பெறகு போடுறோம். சாயங்காலம் வரைக்கும் இருப்போம்."

எழுதினார், வாசித்தார். சுடுகாட்டுப் பாதை முதல் தடவையாக அந்த நோட்டில் ஏறியது. பேனா என்னிடம் வந்தது. "போடுண்ணே" என்றாள் தேவி. நான் இன்னொரு முறை வாசித்துவிட்டுப் போட்டேன்.

தீர்மானம்தான் ஆகியிருக்கிறது, பாதை ஆகவில்லை. இடத்தை அளக்க ஆள் வரவேண்டும், அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டும். இந்தப் பிள்ளைகளோடு நானும் அலைகிறேன். இனி வெறும் பக்கத்தில் என் கை படாது. பாதை விழுகிற அன்று, வரப்பில் ஏறாமல் உன்னிடம் நடந்து வாரேன்.

உன்னைச் சாயவிட்ட தோளுக்குச் சொந்தக்காரன்,
உன் மாப்ள முருகன்