இரண்டு விரல் இடைவெளி

ஹார்லன் கிரீக், ஒஹாயோ
மே 9

அன்புள்ள எம்மெட்டுக்கு,

அரிசோனா வெயிலில் நீயும் உன் முட்டிவலியும் நலமா? சிரிப்பதில்லை என்று சத்தியம் செய்துவிட்டு மேலே படி. போன மாதம் நான் ஒரு காரிடம் மன்னிப்புக் கேட்டேன். மனதுக்குள் இல்லை, வாய்விட்டு. பானெட்டில் கை வைத்து, "சீட்டைப் பிரிச்சது என் தப்புதாம்ப்பா, கோவிச்சுக்காதே" என்றேன். குப்பைத் தொட்டியை உருட்டிக்கொண்டு வந்த பக்கத்து வீட்டு பெர்னடீன் முழுவதையும் கேட்டுவிட்டாள். வெள்ளிக்கிழமை சர்ச் மீன் விருந்தில் வறுத்த மீனைவிட அந்தச் செய்திதான் அதிகம் பரிமாறப்பட்டது. "முப்பது வருஷத்துல என்கிட்ட ஒரு தடவை கேட்டிருப்பியா நீ?" என்கிறாள் என் வீட்டுக்காரி லொரெட்டா.

எல்லாம் அந்தப் பச்சை மசில் காரால் வந்தது. 1969இல் செய்த அசுரவேக வண்டி, எட்டு சிலிண்டர். முடுக்கினால் பெர்னடீன் வீட்டு அலமாரியில் கோப்பைகள் ஆடும். அவள் பழி வாங்கியதில் தப்பில்லை.

வலப்பக்கக் கதவுக் கண்ணாடிதான் வம்பு. முழுக்க ஏற்றிவிட்டு ஷெட்டைப் பூட்டினால், காலையில் இரண்டு விரல் அளவு இறங்கியிருக்கும். மூன்று முறை கதவைப் பிரித்தேன், ஒரு கோளாறும் இல்லை. அப்புறம்தான் பின்சீட்டைக் கழற்றினேன். ஸ்பிரிங்குகளுக்குள் மடித்துச் செருகிய தாள், ஆலையில் வண்டி செய்யும்போது கூடவே வரும் ஆர்டர் தாள், அப்படியே இருந்தது. அன்றிலிருந்து வண்டிக்குள் சிகரெட் வாடை. புகைப்பதை விட்டுப் பத்து வருடமான என்னை லொரெட்டா விசாரித்த விதத்தைப் போலீஸ்காரர்கள் பார்த்துப் படிக்க வேண்டும்.

தாளில் கார் விற்பனைக் கடையின் ஆர்டர் எண் இருந்தது. கடை மூடி முப்பது வருடம் ஆகிறது. அங்கே எழுத்தராக இருந்தவரின் மகள், நிலவறையில் கிறிஸ்துமஸ் மரத்துக்குப் பின்னாலிருந்து பழைய பேரேட்டை இழுத்து வந்தாள். அந்த எண்ணுக்கு நேரே ஒரு பெயர்: டென்னிஸ் வோஸ்டெக், வயது இருபது. மார்ச்சில் வாங்கி, ஆறு மாதம் ஓட்டி, வியட்நாம் போருக்குப் போனவன். திரும்பவில்லை. உடலும் வரவில்லை. முதலில் கேட்டவனுக்கு வண்டியை விற்றுவிட்டாள் அவன் அம்மா.

மிச்சம் இருப்பது தங்கை ஆர்லீன் மட்டும். எழுபத்திரண்டு வயது, நாற்பது மைல் தள்ளி இருக்கிறார். போனில் விஷயத்தைச் சொன்னேன். "பச்சைதானே?" என்று மட்டும் கேட்டார்.

போன சனிக்கிழமை வந்தார். வண்டியைச் சுற்றிக்கூடப் பார்க்கவில்லை. நேராக வலப்பக்கம் போய் நின்று, "இந்தக் கண்ணாடி நிக்காதே தம்பி, ரெண்டு விரல் இறங்கிடுமே" என்றார். எம்மெட், நான் அவரிடம் கண்ணாடியைப் பற்றி மூச்சு விடவில்லை.

மெதுவாகத்தான் சொன்னார். டென்னி கிளம்புவதற்கு முந்தின நாள், வாயில் சிகரெட்டோடு வந்து, "வாடி, ஏரிவரைக்கும் ஒரு சுத்து போயிட்டு வரலாம்" என்று கூப்பிட்டிருக்கிறான். அன்றைக்கு இவருக்குப் பள்ளி நடன விழா. "கண்ணாடி மூடாது, தலை கலைஞ்சிடும், நீ வேணா போடான்னுட்டேன். அதுதான் நான் அவன்கிட்ட பேசின கடைசிப் பேச்சு."

ஏரிவரை ஓட்டினேன். வழியில் அவரே தலைத்துணியை அவிழ்த்துவிட்டார். வெள்ளை முடி காற்றில் பறந்து என் கண்ணில் குத்தியது. நான் அதற்காகத்தான் கண்ணைத் துடைத்தேன் என்று வைத்துக்கொள். ஏரிக்கரையில் டேஷ்போர்டை இரண்டு தட்டு தட்டி, "சரிடா டென்னி, வந்துட்டேன்" என்றார். அன்றிலிருந்து கண்ணாடி இறங்கவில்லை. வாடையும் போய்விட்டது. நான் ஒரு சொட்டு எண்ணெய்கூட விடவில்லை.

இந்த மாதக் கடைசியில் வீரர் நினைவு நாள். உள்ளே யாரும் இல்லாத டென்னியின் கல்லறைக்கு இந்த வண்டியில்தான் போக வேண்டும் என்கிறார். மஞ்சள் ரோஜாவுக்குச் சொல்லிவைத்துவிட்டார். நம் பழைய கார் சங்க இதழில் நீ எழுதப்போகும் கட்டுரைக்குச் சட்டம்கூட வாங்கிவிட்டாராம், சுவரில் மாட்ட.

அதனால்தான் இந்தக் கடிதம். ஆலையில் அவசரத்தில் தாளை எந்த வண்டி முன்னால் வருகிறதோ அதில் செருகிவிடுவார்கள், வண்டி எண்ணை ஒப்பிடாமல் ஒரு தாளையும் நம்பாதே என்று ஆயிரம் முறை சொன்னவன் நீ. பூதக்கண்ணாடியை உன்னைவிட அதிகம் நேசிப்பவன் யாரும் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். நான் அனுப்பிய புகைப்படங்கள் உன் மேஜையில்தான் இருக்கும். என் வண்டி டென்னியினுடையதுதானா என்று யாராவது கேட்டால், ஆர்லீன் உயிரோடு இருக்கும்வரை, உன் பூதக்கண்ணாடி தொலைந்துபோனதாகச் சொல்லிவிடு. கடவுள் உன் முட்டியையும் உன் வாயையும் காப்பாராக.

உன்
க்ளெட்டஸ்

பின்குறிப்பு: நீ எப்படியும் பார்த்துவிடுவாய் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன். ஆர்லீன் வந்த அன்று, அவர் கதவைத் திறப்பதற்கு ஒரு மணி நேரம் முன்புதான் ஒப்பிட்டேன். தாளில் வண்டி எண்ணின் கடைசி இலக்கம் ஏழு. என் வண்டியில் ஆலை பதித்த தகட்டில் எட்டு.