பாரைக் கீழே போடாதே

ஜூலை 22, செவ்வாய்

காலையில் தூறல். பளு தூக்கும் ஷெட்டின் கூரை ஒழுகி மேடை ஓரமெல்லாம் ஈரம். சாக்கு விரித்தேன். கைக்குத் தடவும் பவுடர் டப்பா காலி. வாங்க வேண்டியவை: பவுடர், விரலுக்குப் பிளாஸ்திரி, அண்ணிக்குப் பெருங்காயம்.

எழுத வேண்டியதை விட்டுவிட்டு இதெல்லாம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

எஸ்தருக்கு முழங்கை விலகிவிட்டது. வலது கை. ஒரே வீச்சில் ஸ்னாட்ச் தூக்கும்போது. பார் தலைக்கு மேலே போனது, பின்பக்கம் சாய்ந்தது. அப்படிச் சாய்ந்தால் பாரை விட்டுவிட்டு முன்னால் குதிக்க வேண்டும், அவ்வளவுதான். மாஸ்டர் முதல் நாளே சொல்லிக்கொடுப்பது அது. "தூக்கறது அப்புறம். மொதல்ல போடக் கத்துக்க." எஸ்தர் போடவில்லை. பிடித்துக்கொண்டே மெதுவாக இறக்கப் பார்த்தாள். பிறகு அவள் கத்தியது தெரு முழுக்கக் கேட்டது.

ஆட்டோவில் ஏற்றும்போதும் மாஸ்டர் கேட்டுக்கொண்டே இருந்தார். "ஏம்மா வுடல? ஏன் வுடல?" அவள் என்னைப் பார்த்தாள். நான் அவள் செருப்பை எடுத்து ஆட்டோவில் வைத்தேன்.

பூட்டிச் சாவியை எடுத்து வந்தேன். பக்கத்து வீடு என்பதால் ஷெட் சாவி எப்போதும் என்னிடம்தான்.

ஜூலை 23, புதன்

மருந்துக்கடையில் வேலை ஓடவில்லை. சர்க்கரை மாத்திரை கேட்டவருக்குப் பூச்சி மாத்திரையை நீட்டினேன். அவரே பார்த்துச் சிரித்தார். முதலாளி சிரிக்கவில்லை.

எழுதிவிடுகிறேன். ஷெட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் ஒரே சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணனின் தறி. தறிக்குழி தரைக்குள் இருக்கிறது. இங்கே பார் விழுந்தால் அங்கே அதிரும், தறியில் இழுத்துக் கட்டிய பாவில் இழை அறும் என்று அங்கிருந்தே கத்துவான். அறுந்ததைத் தேடி எடுத்து முடிச்சுப் போட வேண்டும். இரண்டு தடவை ஷெட் சொந்தக்காரரிடம் புகார் சொல்லப் போய் நின்றிருக்கிறான். ஷெட் போனால் பிள்ளையார்பாளையத்தில் வேறு இடம் ஏது?

அதனால் மாஸ்டர் இல்லாத ஒரு நாள் எஸ்தரிடம் நான் சொன்னேன். "கீழ போடாத எஸ்தர். முடியலன்னா புடிச்சி மெதுவா எறக்கு. தறி ஓடிக்கினு இருக்குது."

"சரிக்கா."

ஏன் என்று ஒரு கேள்வி இல்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு தடவையும் பூப்போல இறக்கினாள். மாஸ்டர்கூட மெச்சினார், "இந்தப் பொண்ணுக்கு இன்னா கண்ட்ரோல் பாரு" என்று. நான் வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

ஜூலை 24, வியாழன்

அமாவாசை. தெருவில் ஒரு தறியும் ஓடாது. இன்றைக்கு இஷ்டத்துக்குப் போடலாம். இரண்டு நாள் தள்ளித் தூக்கியிருந்தால் அவளும் போட்டிருப்பாள்.

எனக்குப் பழைய கோளாறுதான். கை முந்துகிறது. "கை சும்மா கயிறு மாதிரிமா. கால் தள்ளி முடிச்சப்புறம்தான் கைக்கு வேல" என்று மாஸ்டர் இன்றைக்கும் கத்தினார். எஸ்தருக்கு இதெல்லாம் சொன்னதுமே வந்துவிடும். கட்டைவிரலை உள்ளே மடக்கி அதன் மேல் விரல்களைப் பூட்டும் பிடி இருக்கிறதே, அதற்கு நான் எத்தனை நாள் அழுதேன். அவள் விரலை ஊதிக்கொண்டே பழகிவிட்டாள்.

எங்கள் எடைப் பிரிவில் மாவட்டத்திலிருந்து ஒருத்திதான் மாநிலப் போட்டிக்குப் போக முடியும். எஸ்தர் முதல். நான் அடுத்து.

"அவ எடத்துல நீதாம்மா. சனிக்கெழம பேர் குடுக்கறேன்" என்றார் மாஸ்டர்.

மனசு துள்ளியது. கொஞ்ச நேரம்தான். ஆனால் துள்ளியது. என்ன ஜென்மம் நான்.

ஜூலை 25, வெள்ளி

ஆடி வெள்ளி. அம்மன் கோயில் கூழைத் தூக்கில் வாங்கிக்கொண்டு ஓரிக்கைக்குப் போனேன், எஸ்தர் வீட்டுக்கு. கதவில் சிலுவையைப் பார்த்த பிறகுதான் உறைத்தது, இவர்கள் கோயில் கூழ் குடிக்க மாட்டார்கள் என்று. தூக்கை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

எஸ்தர் மாத்திரை போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். கட்டுக்கு வெளியே விரல்கள் வீங்கி இருந்தன. அவள் அம்மா கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பும் அவசரத்தில் டீ போட்டுக் கொடுத்தார்.

"எம்பொண்ணு அவசரக்காரிமா. நீதான் கூட இருந்து எல்லாம் சொல்லிக் குடுக்கறியாமே. எப்பவும் அக்கா அக்கான்னுதான் பேச்சு."

இப்போது சொல், இப்போது சொல் என்று நினைத்துக்கொண்டே பஸ் ஸ்டாப் வரை கூடவே நடந்தேன். சொல்லவில்லை. கூழை அப்படியே திருப்பிக் கொண்டு வந்தேன். அண்ணி, "யாரும் குடிக்கலியா?" என்றாள்.

ஜூலை 26, சனி

வெயில். எடை சரியாக இருக்கிறது. உப்பு குறைத்தது வேலை செய்கிறது.

எஸ்தர் கழுத்தில் கட்டிய தூளியில் கையைப் போட்டுக்கொண்டு ஷெட்டுக்கே வந்துவிட்டாள். வீட்டில் போரடிக்கிறதாம். மாஸ்டர் ஆதார் நகல் எடுக்கப் போயிருந்தார். ஷெட்டில் நாங்கள் இருவர் மட்டும்.

சொன்னேன். "என்னாலதான். நான் சொல்லித்தானே நீ போடல. மாஸ்டர்கிட்ட சொல்லிடறேன். என் பேரும் வேணாம்னு சொல்லிடறேன்."

"நீ போவலன்னா என் கை கூடிடுமா?"

அழுதேன். அவள் அழவில்லை.

"ஒண்ணு கேக்கறேன்கா. நீயும்தான் போடற. தெனமும் போடற. ஒங்க அண்ணன் ஒரு நாளாவது கத்தியிருக்காரா?"

அந்தப் பக்கம் தறி ஓடிக்கொண்டிருந்தது.

"இப்ப ஒண்ணு போடு. பாக்கலாம்."

பவுடர் தடவினேன். தூக்கினேன். நன்றாகவே போனது. கால் தள்ளியது, பிறகுதான் கை. தலைக்கு மேலே நிறுத்தி, விட்டேன். தரை அதிர்ந்தது. தறி நின்றது.

"யாரு அது? அந்தப் பொண்ணு வந்துக்கிறாளா?" சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அண்ணன்.

"நான்தாண்ணா."

"நீயா. சரி சரி. கால்ல கீல்ல போட்டுக்காத."

தறி மறுபடி ஓட ஆரம்பித்தது.

எஸ்தர் சிரித்தாள். "ஆளப் பாத்துதான் அறுவுது போலக்கா, இழை."

தண்ணீர் பாட்டிலை இடது கையால் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். வண்டியில் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள்.

இதெல்லாம் எனக்குத் தெரியாது என்று எழுத உட்கார்ந்தேன். தெரியும். அவன் யாரிடம் கத்துவான், யாரிடம் கத்த மாட்டான் என்று நன்றாகத் தெரியும். தெரிந்துதான் அவளிடம் மட்டும் சொன்னேன். கத்தாதே என்று அவனிடம் சொல்வதைவிட, போடாதே என்று அவளிடம் சொல்வது எனக்குச் சுலபமாக இருந்தது.

ஜூலை 27, ஞாயிறு

மாஸ்டரிடம் போனில் எல்லாம் சொன்னேன். "பேர் குடுத்துட்டேன். நீ போற. ஆனா ஷெட்டுல இனிமே யாரும் யாருக்கும் பயந்து எறக்கக் கூடாது" என்றார். சரி என்றேன். சரி என்பது எனக்கு எப்போதும் வரும்.

மத்தியானம் சாப்பாடு. முருங்கைக்காய் சாம்பார். அண்ணன் நல்ல மனநிலையில் இருந்தான். சேலை இந்த வாரம் தறியிலிருந்து இறங்கிவிடுமாம்.

அவனே ஆரம்பித்தான். "அந்தப் பொண்ணு கை எப்டி இருக்குது? பாவம்."

"அவளுக்குப் பேர் இருக்குதுண்ணா. எஸ்தர்."

"சரி, அதான். எப்டி இருக்குது?"

"அந்தக் கை போனதுக்கு நீயும் நானும்தான் காரணம்."

அண்ணி கரண்டியை வைத்துவிட்டாள். நான் நிறுத்தவில்லை. அவன் கத்துவான் என்று நான் பயந்தது, அவளிடம் சொன்னது, நேற்று நான் போட்டது, அவன் 'சரி சரி' என்றது. எல்லாவற்றையும் சொன்னேன். அவள் போட்டால் மட்டும் ஏன் இழை அறுகிறது என்றும் கேட்டேன்.

அண்ணன் தட்டிலேயே கை கழுவினான்.

"ஷெட்டு சாவி ஒன்கிட்டதான இருக்குது?"

"ஆமாம்."

"குடு."

கொடுக்கவில்லை.