அந்தத் தொப்பை குடியால் வந்ததல்ல

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் வாயாடித் தங்கை எழுதுகிறேன். போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால்தான் கடிதம். கோழிக்கிறுக்கலைப் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் படித்த ஐந்தாம் வகுப்புக்கு இதுவே அதிகம்.

போன மாதம், உங்கள் மாப்பிள்ளை குடிக்கிறார் என்று சொன்னேன் அல்லவா? அது பொய் அண்ணா. வேண்டுமென்று சொன்ன பொய் இல்லை. அவர் வயிறு பானையாக உப்பியது. முதலில், "என்னங்க, எத்தனை மாசம்?" என்று கேலிதான் செய்தேன். கண்ணும் மஞ்சளானதும் குடியேதான் என்று முடிவு கட்டிவிட்டேன். நீங்களும் போன் போட்டுக் கிழித்தீர்கள். மனுஷர் மறுத்து ஒரு சொல் சொல்லவில்லை.

நேற்று ஸ்கேன் எடுத்தார்கள். வயிற்றில் பசையைத் தடவிப் பார்த்த டாக்டரம்மா, "இவருக்கு இதயத்துல ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். வயிற்றைப் பார்க்கச் சொன்னால் நெஞ்சைக் கேட்கிறாரே என்று எனக்குச் சிரிப்பு. டாக்டர் பேசப் பேச அந்தச் சிரிப்பு செத்துப்போனது. ஈரலுக்குப் போகிற பெரிய குழாயில் ரத்தம் சீராக ஓட வேண்டுமாம். இவருக்கு முன்னே போய்ப் பின்னே வருகிறதாம். இதயத்துக்கு இறைக்க வலுவில்லை, உடம்பிலோ நீர் கட்டிக் கிடக்கிறது. வாசலில் நெரிசல் என்றால் கூடத்தில் கூட்டம் தேங்காதா? அப்படித்தான் ஈரல் வீங்கியதாம். "குடியெல்லாம் இல்லம்மா" என்று டாக்டர் சொன்னபோது சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

இதயக் கோளாறு என்று சொல்லி, நீர் வடிய ஆறு மாதம் முன்பே மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். என்னிடம் மூச்சுவிடவில்லை. வேலை நாளில் அதைப் போடவே மாட்டாராம். அவர் ஓட்டுகிற கிரேனின் கூண்டு பதினைந்து மாடி உயரம். காலையில் ஏறினால் சாயங்காலம்தான் இறக்கம். மாத்திரை போட்டால் அரை மணிக்கொரு தரம் ஒன்றுக்கு வரும், அந்தரத்தில் எங்கே போவார்? நெஞ்சு விஷயம் தெரிந்தால் ஏற விடமாட்டேன் என்று, குடிகாரன் பட்டத்தையே சுமந்துகொண்டு இருந்திருக்கிறார்.

ஊசி போட்டதில் கால் வீக்கம் கொஞ்சம் வற்றியிருக்கிறது. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை நெஞ்சைத் திறந்து, இதயத்தில் பழுதான வால்வை மாற்றப் போகிறார்கள்.

என்னை அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. "மச்சான் இன்னும் கோவமாத்தான் இருக்காரா?" என்று மட்டும் கேட்டார். நான் தலையணையைச் சரிசெய்வது போலத் திரும்பிக்கொண்டேன்.

என்னைத் திட்டுவதை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். மாப்பிள்ளை என்று அவரை ஒரு தரம் கூப்பிட்டுப் பேசுங்கள் அண்ணா. வெள்ளிக்கிழமைக்கு முன்னால் பேசுங்கள்.

நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் நோய் நொடியில்லாமல் இருக்க வேண்டும்.

உங்கள் தங்கை