சேற்று அரக்கனின் மூன்றாம் கட்டம்

ஏப்ரல் 5

ஒன்பது மணிக்கே வெயில் கொளுத்துகிறது. உளுந்துச் செடி களத்தில் காய்கிறது. கரண்ட் இருக்கும்போதே வேலையை முடிக்க வேண்டும்.

சேற்று அரக்கனின் மூன்றாம் கட்டம் ஒருவழியாக முடிந்தது. எங்கள் கம்பெனி செய்யும் வீடியோ கேமின் கடைசி பாஸ், அதாவது முடிவில் எதிர்த்து நிற்கும் பெரிய எதிரி, இவன்தான். சென்னை ஆபீசுக்கு அனுப்புமுன் வழக்கம்போல் தம்பி குமரனிடம் ஆடக் கொடுத்தேன். பதினேழு முறை செத்தான்.

தை அறுவடையில் மெஷின் செயினில் மாட்டிய வலது கை அவனுக்கு. இரண்டு விரல் இல்லை. கட்டைவிரல் மடங்காது. கன்ட்ரோலரைத் தொடையில் வைத்து ஆள்காட்டி விரலால் அமுக்குகிறான்.

“அடிக்கிறதுக்கு முன்னாடி தோளைத் தூக்குறான்க்கா. அது நல்லாத் தெரியுது. எனக்குத்தான் விரல் போகமாட்டேங்குது.”

செத்த கணக்கைச் சுவர்க் காலண்டரில் கோடு கோடாகப் போடுகிறான். பிறகு சொன்னான்: “சித்திரை ஒண்ணுக்குள்ள இவனை அடிச்சிட்டேன்னா, நல்லேருக்கு நானே டில்லர் ஓட்டுவேன். பாத்துக்க.”

நல்லேர், வருஷத்தின் முதல் உழவு. வீட்டுக்கு ஒருவராக ஊரே வயலில் இறங்கும். எட்டு வருஷமாக எங்கள் வீட்டு டில்லரை, பின்னால் நடந்து ஓட்டும் அந்த உழவு மெஷினை, ஓட்டுவது அவன்தான்.

ஏப்ரல் 6

தேங்காய் எண்ணெய் வாங்க வேண்டும். மறந்துவிட்டேன்.

வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த பெண் போனில் கேட்டாள்: “பாஸ் எதுக்கு மேடம்? லெவல் முடிஞ்சா முடிஞ்சதுதானே?” நீட்டி முழக்கினேன். அதுவரை கற்றதையெல்லாம் ஒரே இடத்தில் கேட்கிற பரீட்சை. அடிக்குமுன் அடையாளம் காட்ட வேண்டும். செத்தால் ‘என் தப்பு’ என்று தோன்ற வேண்டும், ‘ஏமாத்திட்டாங்க’ என்று தோன்றக் கூடாது. ஜெயித்தால் அந்த வெற்றி ஆடியவனுடையதாக இருக்க வேண்டும். பெரிய மேதாவி நான்.

சாயந்திரம் பெரியப்பா வந்தார். காபி குடித்து முடிக்கும்வரை மழையைப் பற்றிப் பேச்சு. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “கையில குறை இருக்கிறவன் முதல் ஏர் ஓட்டினா வெள்ளாமைக்கு ஆகாதுன்னு நாலு பேரு பேசுறாங்க. எம்பையனே உங்களுக்கும் சேத்து ஓட்டிடட்டும்” என்றார். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார், அவ்வளவுதான். வாயைத் திறந்தால் என்ன குறைந்துவிடும் இவருக்கு?

உள்ளே விளையாட்டுச் சத்தம் நின்றிருந்தது.

ஏப்ரல் 8

கரண்ட் இல்லை, மூன்று மணி நேரம். வந்ததும் உட்கார்ந்தான். அறுபத்து மூன்று கோடு. இரண்டாம் கட்டம் சுலபமாகத் தாண்டுகிறான். மூன்றாவதில் தப்பிக்க இரண்டு பட்டனைச் சேர்த்து அமுக்க வேண்டும். அதை வைத்தவள் நான்தான்.

மத்தியானம் சாப்பிடவில்லை. தட்டை நகர்த்திவிட்டுக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். என்னால் தாங்க முடியவில்லை.

அவன் குளிக்கப் போன நேரத்தில் மாற்றினேன். அரக்கனின் உயிர் பாதி. மூன்றாம் கட்ட வீச்சு மெதுவாக. புரோகிராமில் இரண்டு வரிதான், வீட்டுக் கம்ப்யூட்டரில் மட்டும். இரண்டு நிமிஷ வேலை.

ஏப்ரல் 9

ஜெயித்துவிட்டான். இன்றைய முதல் ஆட்டத்திலேயே. காலண்டரில் பெரிய வட்டம் போட்டான். அப்பாவைக் கூட்டிவந்து திரையைக் காட்டினான். அவருக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் சிரித்தார். தைக்குப் பிறகு இன்றுதான் சிரிக்கிறார்.

நேராகப் பெரியப்பா வீட்டுக்குப் போய், “நல்லேருக்கு நானே வரேன் பெரியப்பா” என்று சொல்லிவிட்டு வந்தான். டீக்கடையிலும் சொல்லியிருக்கிறான். இரண்டு தடவை சோறு போட்டுச் சாப்பிட்டான்.

எனக்குத்தான் இறங்கவில்லை.

ஏப்ரல் 11

வயலில் டில்லர் ஓட்டிப் பழகுகிறான். நேராகப் போகிறது. வலது பக்கம் திருப்பக் கைப்பிடிக்குக் கீழே உள்ள கிளட்சைப் பிடிக்க வேண்டும். பிடி நிற்கவில்லை. மணிக்கட்டால் அழுத்துகிறான். ஒரு தடவை வண்டி இழுத்துக்கொண்டு வரப்பில் ஏறியது. பின்னால் கலப்பைக் கத்தி சுற்றிக்கொண்டிருந்தது, அவன் காலுக்கு ஒரு சாண் தள்ளி.

“ஒண்ணுமில்லக்கா. அரக்கன்கிட்டயும் மொதல்ல இப்படித்தான. பழகிடும்.”

ஆட்டத்தை மாற்றியதை இன்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கோழை.

ஏப்ரல் 13

சொல்லிவிட்டேன். மத்தியானம், அவன் டில்லருக்கு டீசல் ஊற்றிக்கொண்டிருந்தபோது. கேனைக் கீழே வைத்தான். மூடியைத் தேடி எடுத்துத் திருகினான்.

“அப்ப நான் ஜெயிக்கலையா?”

“நீ சாப்பிடாம இருந்தடா. அதான்...”

“அறுபத்து மூணு தடவை தோத்தேன்ல, அது என்னுது. இதை என்னக்கா பண்ணுறது? ஊர் பூரா சொல்லிட்டேன்.”

திட்டியிருந்தால் தேவலை. திட்டவில்லை. போனை எடுத்துப் பெரியப்பாவைக் கூப்பிட்டான். “உங்க பையனையே ஓட்டச் சொல்லுங்க” என்றான். அந்தப் பக்கம் ஏன் என்று கேட்டிருப்பார் போல. “கை சரியில்லை” என்றான்.

விபத்துக்குப் பிறகு அவன் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து நான் கேட்டதில்லை.

ஏப்ரல் 14

வருஷப் பிறப்பு. மேகம் இல்லை. மாங்காய்ப் பச்சடி, வடை. வயலில் வரிசையாக வண்டிகள், முன்னால் தேங்காய், பழம், நெல். எங்கள் டில்லரைப் பெரியப்பா மகன் ஓட்டினான். நன்றாகத்தான் ஓட்டினான். “நல்லவேளை, புத்தி வந்துச்சு” என்று பின்னால் யாரோ சொன்னது கேட்டது. அப்பா கீழே பார்த்தபடி நின்றார். நானும்தான்.

வீட்டுக்கு வந்தால் அறைக்குள் குமரன். இரண்டு வரியையும் பழையபடி மாற்ற வைத்தான், பக்கத்தில் நின்று பார்த்து. காலண்டரில் வட்டத்தை அடித்துவிட்டு ஆட உட்கார்ந்தான். ஒரு ஆட்டம் ஆடிச் செத்து, அறுபத்து நாலாவது கோட்டைப் போட்டான். வழக்கம்போல் பக்கத்தில் உட்காரப் போனேன்.

“நீ இங்க உக்காராதக்கா.”

கூடத்தில் இருந்து எழுதுகிறேன். மூன்றாம் கட்டம் வந்துவிட்டது, இசை மாறியது தெரிகிறது. குமரன் மறுபடி செத்துவிட்டான், சத்தம் கேட்கிறது. எழுபத்தொன்றாவது கோடு.