வேனுக்கு எந்தக் கூலண்ட்?

செவ்வாய், காரைக்குடி

பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிப்போகும் என் வேனுக்கு இன்ஜின் வேலை முடிந்தும் இன்று எடுத்துவர முடியவில்லை.

மெக்கானிக் சகாயம், இன்ஜினின் மேல்பகுதியில் இருந்து கழற்றிய பழைய அலுமினிய ஹெட்டைக் காட்டினார். தண்ணீர் ஓடும் துளைகளைச் சுற்றிக் கரையான் அரித்தது போலிருந்தது. நகத்தால் சுரண்டினேன். வெள்ளைப் பொடி உதிர்ந்தது.

"போர்த் தண்ணி உப்பு செஞ்ச வேலை, அக்கா. இனிமே ரேடியேட்டர்ல தண்ணிக்குப் பதிலா கூலண்ட்தான் ஊத்தணும்."

கூட வந்திருந்த என் கணவர் நம்பவில்லை. "இத்தன வருசமா தண்ணிதானே ஊத்துனோம்?"

"அதனாலதாண்ணே இப்பப் புது ஹெட்டு வாங்குனீக."

கடையில் பச்சையும் சிவப்பும் இருந்தன. "ரெண்டும் ஒண்ணுதான், நெறந்தான் வேற" என்றார் கடைக்காரர். எனக்கு மனம் ஒப்பவில்லை. வண்டியோடு வந்த புத்தகத்தைப் புரட்டினேன். அதில் நிறத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. எந்த வகை என்று மட்டும் போட்டிருந்தது. அதே பெயர் சிவப்பு டப்பாவின் பின்பக்கம் இருந்தது. வாங்கிவிட்டேன்.

ரேடியேட்டரைச் சுத்தமாகக் கழுவி, நாளைக்குத்தான் ஊற்றுவாராம் சகாயம். பெற்றோருக்கெல்லாம் போன் செய்தேன். "இப்படியே போனா வேற வேன் பாத்துக்குவோம்" என்றார் ஒரு அம்மா. அது உறுத்திக்கொண்டே இருக்கிறது.

பழைய ஹெட்டிலிருந்து இரண்டு சில்லுகள் கேட்டு வாங்கிவந்தேன். ஒன்றைப் போர்த் தண்ணீரிலும் இன்னொன்றைக் கூலண்டிலும் போட்டுப் பாட்டில்களை மூடி, பரண்மேல் வைத்திருக்கிறேன். "ஒனக்கு வேற வேலையில்ல" என்று சிரித்துவிட்டுப் படுத்தார் இவர்.

இப்போது ஸ்டூல் இழுபடும் சத்தம். எட்டிப் பார்த்தேன். தண்ணீர் பாட்டிலை விளக்குக்கு நேரே பிடித்து உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.